செயலாளர் ஆண்டறிக்கை: பேரிடருக்குப் பின் மருத்துவமனைக் கட்டட ஆய்வு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த முதன்மைப் பணி, மருத்துவமனைகளுக்கான துரித ஆய்வுப் படிவத்தைத் திருத்துவது. அந்தப் பணி முடிந்து, பயிற்சி வகுப்புகளும் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கை படிவத்தைப் பற்றியது.

பழைய படிவம் தூண், பீம், சுவரோடு நின்றுவிட்டது. குடியிருப்புக்கு அது போதும், மருத்துவமனைக்குப் போதாது. கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்தபோது அதன் மாடிப்படிக் கோபுரங்கள் பிரிந்து சாய்ந்தன. பிறகு உறுதியாகக் கட்டிய புதுக் கட்டடம் 1994 நிலநடுக்கத்தைத் தாங்கியது. ஆனால் உள்ளே குழாய்கள் உடைந்து தளங்களில் தண்ணீர் பாய, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. எனவே புதிய படிவத்தில், கட்டடம் தாங்குமா என்ற கேள்விக்கு அடுத்தே சிகிச்சை நடக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டுக்கும் விடை எழுதாத படிவத்தைச் சங்கம் ஏற்காது.

ஆய்வுக்கு இருவருக்குக் குறையாமல் போக வேண்டும். உள்ளே நுழையுமுன் கட்டடத்தை முழுச் சுற்று வர வேண்டும்: தரை வெடிப்பு, சாய்வு, ஆடும் கைப்பிடிச் சுவர், மேல்நிலைத் தொட்டி, எரிவாயு வாடை. தொட்டியை இலேசாக விட வேண்டாம். 10,000 லிட்டர் தண்ணீர் என்றால் 10 டன் எடை கூரையில் நிற்கிறது. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விடும் இடைவெளி, பிரிக்கும் ஒவ்வொரு பகுதியும் தனிக் கட்டடம், அதன் நிலையைக் காட்டத் தனி நிற அட்டை. அந்த இடைவெளியைக் கடக்கும் குழாயைத் தவறாமல் பாருங்கள். இரு பகுதிகளும் வெவ்வேறாக ஆடும்போது முதலில் முறிவது அதுதான்.

பயிற்சியில் அதிகம் தடுமாறியது விரிசலைப் படிப்பதில். தூணுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே ஓடும் கோடு பெரும்பாலும் பூச்சுப் பிரிவுதான். ஐயமிருந்தால் உள்ளங்கை அளவுக்குப் பூச்சைக் கொத்தி, விரிசல் கான்கிரீட்டுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளுப்பாகவும் இருந்தால் புதியது. தூசியோ பெயின்ட்டோ ஒட்டடையோ உள்ளே இருந்தால் பழையது. ஜன்னல் மட்டம் வரை சுவர் அணைத்து, மேலே கொஞ்சம் மட்டும் திறந்திருக்கும் குட்டைத் தூண்தான் நம் கவலைக்குரியது. வளைய இடமில்லாததால் பக்கவாட்டு விசை முழுவதும் அந்தச் சிறு நீளத்தில் விழுந்து, பெருக்கல் குறிபோல் குறுக்காகப் பிளக்கும். நேர்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கி 90 பாகையில் மடக்கியிருந்தால் அது திறந்துகொண்டு, நேர்கம்பி வெளியே பிதுங்கும். அப்படி ஒரு தூணைக் கண்டாலே வெளியே வந்துவிட வேண்டும், மற்றத் தூண்களை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

தூக்குக்குண்டு 3 மீட்டர் உயரத்தில் 3 செ.மீ. விலகினால், நூற்றுக்கு ஒன்று சாய்வு. நம் படிவப்படி அதற்கு விரிவான ஆய்வு கட்டாயம்.

அட்டைகள் 1989இல் அமெரிக்காவில் வெளியான ஏடிசி-20 என்ற நிலநடுக்கத்துக்குப் பிந்தைய கட்டட ஆய்வு முறைப்படியே: பச்சை (பயன்படுத்தலாம்), மஞ்சள் (கட்டுப்பாட்டோடு மட்டும்), சிவப்பு. சிவப்பு என்பது உள்ளே போகாதே என்பதுதான், இடிக்கும் உத்தரவு அல்ல. மஞ்சளில் "எச்சரிக்கை" என்று மட்டும் எழுதுவது பயனற்றது. "இரண்டாம் தளம் வடக்கு வார்டு மூடல், மேற்குப் படிக்கட்டு மட்டும் பயன்பாட்டில்" என்று எழுதுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரை நகர்த்துவதே ஆபத்து என்பதால், தீவிர சிகிச்சைப் பிரிவை முதலில் பார்த்து, உடனே அவர்கள் போகப்போகும் இடத்தையும் வழியையும் பார்க்க வேண்டும். கட்டடத்தின் நிலையை நாம் சொல்கிறோம். யாரை எப்போது நகர்த்துவது என்பதை மருத்துவர்கள் முடிவுசெய்வார்கள்.

உள்வசதிகளில் ஆக்சிஜன் முதலாவது. திரவ ஆக்சிஜன் தொட்டியின் நங்கூர போல்ட், பிரிவு வால்வு, அழுத்தமானி. வழக்கமாகக் குழாயில் 4 பார் அளவில் இருக்கும் அழுத்தம் சரிகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கலாம். நோயாளி இணைப்பில் இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் எந்த வால்வையும் தொடக்கூடாது. ஜெனரேட்டர் ஓடாததற்குக் காரணம் பல நேரம் எஞ்சின் அல்ல, கவிழ்ந்த ஸ்டார்ட்டர் பேட்டரி. 2012 சாண்டி புயலில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆம் தளத்தில் பத்திரமாக இருந்தன. எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கியதால் டீசலைக் கையில் சுமந்து ஏற்றினார்கள். அதனால் இயந்திரத்தோடு நிற்காமல் தொட்டி வரை குழாயைத் தொடர்ந்து போங்கள். எதிர்எடை தண்டவாளத்தைவிட்டு விலகியிருக்கலாம் என்பதால், லிஃப்டை அதன் நுட்பர் பார்க்கும்வரை பூட்டிவையுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் சுத்தியலோடு நுழையக் கூடாது. மின்சாரம் போனாலும் அதன் காந்தம் ஓய்வதில்லை.

வெள்ளம் புகுந்த அடித்தளத்தை ஒரே மூச்சில் இறைத்தால், வெளியே ஊறிய மண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும். வெளியே நீர் வடிந்தபின், ஓரடி இறைத்து, கோடு போட்டு, மறுநாள் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தொடருங்கள். நனைந்த மின்பலகையை மெக்கர் சோதனைக்கு (மின்காப்பு சரியா என்று பார்க்கும் சோதனை) முன் உயிர்ப்பிக்க வேண்டாம். தீப்பட்ட இடத்தில் கான்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சுமார் 300 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். தட்டிப் பாருங்கள், மந்தமான ஒலி வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது.

அட்டையில் தேதியோடு நேரத்தையும் எழுதாமல் விடுவது நம் உறுப்பினர்களிடம் இன்னும் தொடர்கிறது. பெரிய பின்னதிர்வு வந்தால் முந்தைய அட்டை செல்லாது, அதற்கு முன்னா பின்னா என்பது நேரத்தைக் கொண்டே தெரியும். வரும் ஆண்டில் ஒவ்வொரு மருத்துவமனையின் கட்டமைப்பு வரைபடம், வால்வு இருப்பிடம் ஆகியவற்றின் நகலை முன்கூட்டியே வாங்கி வைக்கச் செயற்குழு அனுமதி கோருகிறேன். பயிற்சிக்கு எடுத்துச்சென்ற டார்ச், தலைக்கவசம், விரிசல் அளவு அட்டைகளை உறுப்பினர்கள் இக்கூட்டம் முடியுமுன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

செயலாளர்