வசந்தாவுக்கு: காடை வளர்க்கலாமா என்று கேட்டாயே

பெரம்பூர், சென்னை
ஐப்பசி

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்ததும் இரண்டு முறை படித்தேன். முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்பதே எனக்குப் பெரிய செய்தி. மருமகனுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததில் உன் மகளுக்கும் நிம்மதியாக இருக்கும். இங்கே பேரன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவர் காலை நடையை மட்டும் விடுவதில்லை, மழையாக இருந்தாலும் குடையோடு கிளம்பிவிடுகிறார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு அறை வீட்டில் காடை வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும், ஆனால் முட்டைக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ஒரு காடை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தீவனம் தின்னும். முட்டையின் எடையோ 10 கிராம்தான், ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டைக்குச் சமம். நாலைந்து பறவைகளை வைத்து இந்தக் கணக்கில் லாபம் பார்க்க முடியாது. பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசை உனக்கு இருந்தால் மட்டும் மேலே படி.

என்னிடம் இருப்பவை நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும். கடைகளில் காடையை அடுக்குக் கம்பிக் கூண்டில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பாய். அந்தக் கூண்டு எனக்கு அறவே பிடிக்கவில்லை. காடை கிளையில் உட்காரும் பறவையில்லை. தரையில் நடந்து, தரையில் தின்று, தரையிலேயே உறங்குவது. அதன் காலடியில் கம்பியை வைப்பது கொடுமை. அதற்கு வேண்டியது உயரமில்லை, தரை. பெரிய தோட்டம் இல்லாத நம்மைப் போன்றவர்களும் அதை நன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

எங்கள் வீட்டில் மாமியார் காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று கதவு கழன்று கிடந்தது. தச்சரை அழைத்து, அதை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்தட்டுகளை எடுத்துவிட்டு, மேலே அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலையை அடிக்கச் சொன்னேன். கண் பெரிதான கோழிவலை போதாது. எலி அதில் நுழைந்துவிடும், காக்கை மூக்கை விடும். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். பால்கனியில் பாதியை அது அடைத்துக்கொண்டது, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உயரத்தைக் குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. காடை மிரண்டால் பக்கவாட்டில் ஓடாது, நெட்டுக்குத்தாக மேலே எகிறும். இரண்டு மூன்றடி உயரமுள்ள கூண்டில் அதற்குள் வேகம் பிடித்து, கம்பியில் மண்டை மோதிச் செத்துப்போவதும் உண்டு. தாழ்ந்த கூரையில் அந்த வேகம் வருவதில்லை. அதற்கும் மேலாக, மெஷ்ஷுக்குச் சற்றுக் கீழே பழைய பருத்திப் புடவையை இழுத்துக் கட்டியிருக்கிறேன். எகிறினால் துணியில் பட்டுத் திரும்பும்.

அடியில் மரப்பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சீவலை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புகிறேன். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். குஞ்சுகளுக்கு வழவழப்பான செய்தித்தாளை விரிக்கவே கூடாது. கால் வழுக்கி வழுக்கித் தொடை அகன்று நிரந்தர ஊனமாகிவிடும். ஈரமான இடத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் நாற்றம் இல்லை. எச்சத்தில் ஈரம் சேர்ந்தால்தான் அமோனியா கிளம்பிக் கண்ணை எரிக்கும், பறவையின் மூச்சையும் கெடுக்கும். அள்ளிய சீவலை ஒரு வாளியில் மக்கவைத்து மாடியிலுள்ள வெண்டைக்கும் கத்தரிக்கும் போடுகிறேன். மக்காமல் போட்டால் வேர் கருகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அகன்ற தட்டில் சலித்த உலர் மணலும் சாம்பலும் கலந்து வைக்கிறேன். சென்னையில் விறகடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியிலிருந்து கொட்டும் கரிச் சாம்பலை எனக்காகத் தனியே எடுத்துவைக்கிறார். தட்டை உள்ளே வைத்ததும் ஐந்தும் ஓடிவரும். மார்பை அழுத்திப் படுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலால் மணலை வாரி இறகுக்குள் தள்ளி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடக்கும். பிறகு எழுந்து ஒரு உதறு. பேனும் எண்ணெய்ப் பிசுக்கும் போவது இப்படித்தான். பள்ளிக்கூடக் கவலை, மருந்துக் கவலை எல்லாம் அந்தக் கால் மணி நேரம் எனக்கு நினைவிலேயே இருப்பதில்லை. இதைச் செய்ய முடியாத இடத்தில் காடையை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதே தூசிதான் உன் வீட்டுக்குத் தடை. அண்ணனுக்கு வீசிங் இருக்கிறது. மணல் தூசியும் இறகுத் துகளும் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் படுக்கையறையிலோ கூடத்திலோ வேண்டவே வேண்டாம். உன் வீட்டுப் பின்பக்கத்து நடை, கதவைச் சாத்தினால் தனியாகிவிடும் அல்லவா? அங்கே என்றால் யோசிக்கலாம். அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே, பறவையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு.

ஒருநாள் குஞ்சு வாங்காதே. முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 முதல் 37 டிகிரி வெப்பம் பல்பு வைத்துக் கொடுக்க வேண்டும். ஏழெட்டு கிராம்தான் இருக்கும், சிறிய தண்ணீர்க் கிண்ணத்திலேயே மூழ்கிவிடும். வளர்ப்பவர்கள் கிண்ணத்தில் கோலிக்குண்டு போடுவது அதற்குத்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்த ஊரில் எத்தனை பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்தன என்பது உனக்கே தெரியும். அப்படி ஒரு இரவில் பல்பை நம்பியிருக்கும் குஞ்சு பிழைக்காது. நான்கைந்து வாரம் ஆனதாக வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஆறேழு வாரத்தில் முட்டையும் இடத் தொடங்கிவிடும். அந்த வயதில் ஆண், பெண் அடையாளமும் தெரியும். ஆணின் மார்பு ஒரே செம்பழுப்பு, பெண்ணின் மார்பில் கரும்புள்ளிகள். வெள்ளைக் காடையில் மட்டும் இந்த அடையாளம் உதவாது. பண்ணையில் பொரித்த ஜப்பானியக் காடையாகப் பார்த்து வாங்கு. யாராவது வயலில் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுக் காடையை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதே. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பாவமும்கூட.

சேவல் உனக்குத் தேவையா என்பதையும் யோசித்துக்கொள். சேவல் இல்லாமலேயே பெட்டைகள் முட்டையிடும். எங்கள் சேவல் விடியும் முன்பே கூவும். கோழிச் சேவல் அளவுக்கு இல்லை, ஆனாலும் சுவரை ஒட்டிய வீட்டுக்குக் கேட்கும். நான் முதலிலேயே கீழ்வீட்டில் சொல்லிவிட்டேன். தனியாக விட்ட சேவல் இன்னும் அதிகமாகக் கூவும், இரண்டு சேவல் இருந்தாலோ மண்டையைக் கொத்திக் கிழித்துக்கொள்ளும். உன் குடித்தனப் பக்கம் நெருக்கம், மூன்று பெட்டைகள் போதும்.

முட்டையிடும் காலத்தில் கிளிஞ்சலைத் தூளாக்கித் தனிக் கிண்ணத்தில் வை, வேண்டிய அளவு அவையே தின்னும். தீவனத்தை மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்காதே. மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அது நஞ்சு. ஒவ்வொரு பெட்டைக்கும் ஓட்டின் புள்ளிக்கோலம் தனி, இன்று யார் இட்டது, யார் இடவில்லை என்று முட்டையைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். இவை அடைகாப்பதில்லை, தலைமுறை தலைமுறையாகக் கருவியில் பொரித்துப் பொரித்து அந்தக் குணம் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பண்ணைகளில் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் கொடுத்து ஆண்டு முழுவதும் முட்டை எடுக்கிறார்கள். மார்கழியில் இங்கே பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. நான் விளக்குப் போடுவதில்லை. முட்டை குறைகிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. குறையட்டும். உடம்பிலுள்ள சுண்ணாம்பையெல்லாம் ஓட்டுக்குக் கொடுத்துவிட்டு அவை சீக்கிரம் ஓய்ந்துபோவதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு மூன்று ஆண்டுதான் அவற்றின் ஆயுளே.

வருகிறவர்கள் எல்லாம் 'ஆயிரம் கோழிக்கு அரைக்காடை' என்று சொல்லி, எப்போது சமையல் என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஐந்தும் அதற்கில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அக்னி நட்சத்திரம்தான் கடினமான காலம். அலகைத் திறந்து இளைக்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கி நிற்கும், ஓடு மெலியும். பாட்டிலில் உறைந்த தண்ணீரைத் துணி சுற்றி உள்ளே வைப்பேன், வெயில் பக்கம் நனைத்த சாக்கு. திருச்சி வெயில் இதைவிட மோசம், மேற்குப் பார்த்த நடையாக இருந்தால் கோடை முடிந்தபின் தொடங்கு. பண்டிகைக்கு வெடி வெடிக்கும் இரவுகளில் தாழ்ந்த மூங்கில் கூடையில் போட்டு, சாமான் அறைக்குள் கொண்டுபோய்த் துணி மூடிவிடுகிறேன். இந்த வாரமும் அதுதான் ஏற்பாடு. ஒன்றுக்குக் கால் வீங்கியபோது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனோம், பொறுமையாகப் பார்த்தார்கள். 1903 முதல் இருக்கும் கல்லூரி, இந்தச் சின்னப் பறவைக்கும் அங்கே வரிசையில் இடம் உண்டு. உன் ஊரில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று முதலில் விசாரித்துக்கொள்.

வாங்குமுன் ஒருமுறை இங்கே வா. கார்த்திகையில் மழை விட்ட ஒரு வாரத்தில் பல்லவன் ரயிலில் ஏறு, எழும்பூருக்கு அவர் வந்து அழைத்துவருவார். நான்கு நாள் தங்கி, சீவல் மாற்றுவதும் தண்ணீர் வைப்பதும் உன் முழங்காலுக்கு ஒத்துவருகிறதா என்று நீயே செய்து பார். அலமாரி தரையில் இருக்கிறது, குனிய வேண்டும். உனக்கு மேசை உயரத்தில் செய்யச் சொல்லலாம், தச்சரிடம் அளவு கேட்டு வைக்கிறேன். பின்நடையின் நீள அகலத்தை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்,
ராஜி