அளவை மறுபடி எடுத்து அனுப்பு

கண்ணம்மா,

மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. திடீரென்று துணி வெட்டும் பேட்டர்ன் தாளின் படம் ஒன்று, கூடவே ஒரு அளவுச் சீட்டு, 'அம்மா, பனியன் துணியில் கவுன் தைக்கப் போகிறேன், எப்படி என்று எழுதி அனுப்பு' என்று ஒரே வரி. போனில் சொல்கிறேன் என்றால் நேரமில்லை என்கிறாய். சரி, எழுதுகிறேன். அப்பாவும் சீட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தார்.

முதல் வேலை, அளவை மறுபடி எடு. மார்பு 32, இடுப்பு 26, கீழ் இடுப்பு 35 என்று எழுதியிருக்கிறாய். டேப்பை இறுக்கிப் பிடித்திருப்பாய், இல்லையென்றால் வயிற்றை எக்கியிருப்பாய். தனியாக எடுத்தால் அப்படித்தான் ஆகும். கண்ணாடி முன்னால் நின்று, மூச்சை இயல்பாக விட்டு, டேப்புக்குள் ஒரு விரல் நுழைகிற மாதிரி பிடித்து எடு.

அடுத்தது துணி. வெட்டுவதற்கு முன் துவைத்துவிடு. பருத்திப் பனியன் துணி முதல் துவையலில் சுருங்கும், அதுவும் நீளத்தில்தான் அதிகம். தைத்து முடித்த பிறகு எப்படித் துவைப்பாயோ அப்படியே இப்போதும் துவைத்துக் காயவை. நீலத் துணியில் பட்டது போதாதா? துவைத்த துணியை மேஜையிலிருந்து தொங்க விடாமல் முழுக்கப் பரப்பி ஒரு ராத்திரி கிடக்க விடு. தொங்கினால் கனத்தில் இழுபட்டு நீளும். அப்படியே வெட்டினால் பிறகு கோணிக்கொள்ளும்.

எவ்வளவு இழுபடுகிறது என்றும் பார்த்துக்கொள். துணியை மடித்து 10 சென்டிமீட்டரைக் குறித்து, ஸ்கேல் மேல் வைத்து இழு. சிரமமில்லாமல் 14 வரை வந்தால் 40 சதவீதம். பேட்டர்ன் எவ்வளவு கேட்கிறது என்று அதிலேயே போட்டிருக்கும். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பது அதைவிட முக்கியம். திரும்பாத துணி இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாலே பின்பக்கம் பை மாதிரி தொங்கிவிடும். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

சைஸ் எண்ணைப் பார்த்து வெட்டாதே. ரெடிமேடில் நீ வாங்கும் எண் வேறு, பேட்டர்ன் எண் வேறு. அளவுப் பட்டியலில் உன் அளவு எந்த வரிசையில் வருகிறதோ அதுதான் உன் சைஸ். அதனால்தான் சொல்கிறேன், அளவை மறுபடி எடு.

போன மாதம் நீ படம் அனுப்பிய பையின் ஓரத்தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன், மெஷின் ஆள் தைத்ததா என்று கேட்டாள். என் மகள் தைத்தது என்று சொன்னேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். நீ போன் எடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஊசியை மாற்று. பை தைத்த ஊசியே போதும் என்று நினைக்காதே. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி வேண்டும், 75 அல்லது 80 நம்பர். கூர் ஊசி இழையைக் குத்தி அறுக்கும், பிறகு அந்த இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழும். தையல் விட்டுவிட்டு விழுந்தாலும் முதலில் ஊசியைத்தான் சந்தேகப்பட வேண்டும். நூல் பாலியஸ்டர். நேர்த்தையல் போடாதே, தலை வழியாகப் போடும்போதே பட்டென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக்கில் அகலம் 1, நீளம் 2.5 வைத்து, மிஞ்சிய துண்டில் அடித்து இழுத்துப் பார். ஓடும்போது துணியை முன்னால் தள்ளவும் வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் தையல் அலை அலையாக நிற்கும்.

டேப் சரிந்திருக்கலாம் என்று அப்பா இப்போது சொல்கிறார். சரிந்தால் பெரும்பாலும் அளவு கூடத்தான் வரும், குறையாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பேட்டர்னில் தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்கிறதா என்று வெட்டும் முன் படித்துப் பார். இதைப் பத்து தடவை சொல்வேன். சில பேட்டர்னில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் நாம்தான் விட வேண்டும். ஊதா கவுனில் நான் விடவில்லை.

ஆமாம், அந்த ஊதா கவுன்தான். ஜிப் ஏறாததற்கு நீ காரணமில்லை. இரண்டு பக்கத் தையலிலும், முன்னுக்கும் பின்னுக்குமாக நாலு ஓரத்திலும், ஒன்றரை ஒன்றரை சென்டிமீட்டர் விடாமல் வெட்டிவிட்டேன். சுற்றளவில் 6 சென்டிமீட்டர் போய்விட்டது. அது தெரியாமல், அத்தை, பெரியம்மா எல்லாரும் கூடத்தில் நிற்கும்போது, 'வாயைக் கட்டினால் ஜிப் தானாக ஏறும்' என்றேன். உனக்குப் பதினாறு வயது. நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கழற்றி வைத்தாய். ராத்திரி தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தாய். நீ தூங்கிய பிறகு பேட்டர்னை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்துக்கு ஒரு துண்டு கொடுத்து விடிவதற்குள் சரி செய்தேன். காலையில் போட்டாய், ஏறியது. ஒரு ராத்திரி பட்டினி கிடந்ததால்தான் ஏறியது என்று நீ நினைத்ததை உன் முகத்தில் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வெட்டியது தப்பு என்று இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்றிருந்தது. பிறகு நாளாகிவிட்டது.

என் பழைய நோட்டில் உன் அளவு இருக்கிறது, நீ கிளம்பும்போது எடுத்தது. 36, 30, 39. முதுகு நீளம் பதினைந்தரை. உன் சீட்டிலும் முதுகு நீளம் பதினைந்தரைதான். டேப் பிடிக்கத் தெரியாதவளுக்கு அது மட்டும் எப்படிச் சரியாக வரும்?

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். தோள் தையலோடு ஒரு மெல்லிய எலாஸ்டிக்கோ சாதாரணத் துணியின் ஓரக்கரையோ சேர்த்து அடி, இல்லையென்றால் கவுனின் கனத்துக்கே தோள் நீண்டு இறங்கும். கையைப் பக்கத் தையலுக்கு முன்னாலேயே, துணி விரிந்திருக்கும்போதே வைத்துவிடு, அது சுலபம். கழுத்துப் பட்டி கழுத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும். கழுத்துச் சுற்று 20 அங்குலம் என்றால் பட்டி 17, அப்புறம் தையலுக்குக் கொஞ்சம். இரண்டையும் நாலாகப் பிரித்துக் குறித்து, குறிக்குக் குறி சேர்த்து, பட்டியை மட்டும் இழுத்து அடி. கீழ் மடிப்புக்கு இரட்டை ஊசி போட்டால் மேலே இரண்டு வரி நேராகவும் அடியில் ஜிக்ஜாக்காகவும் விழும், இழுத்தாலும் அறாது. இஸ்திரியைத் தேய்க்காதே, தூக்கித் தூக்கி வை.

ஒன்று விட்டுவிட்டேன். பேட்டர்ன் தாளை உன் சைஸ் கோட்டில் வெட்டிவிடாதே. மேலே மெல்லிய தாள் வைத்துப் பிரதி எடுத்து, அதை வெட்டு. பெரிய அளவுக் கோடுகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கட்டும், பிறகு வேண்டியிருக்கும்.

கழுத்துப் பட்டிக்கு வந்ததும் கூப்பிடு. அது தனியாகச் செய்யக் கஷ்டம். எந்த நேரமானாலும் எடுப்பேன், அளவைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா