ஊர்ப் பொதுநலச் சங்கம்: 2018–2019 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2018 ஏப்ரல் 1 முதல் 2019 மார்ச் 31 வரையிலான நம் சங்கத்தின் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, வாழைத் தோட்டங்களில் புகும் யானைகள் ஆகியவையே வழக்கமாக அறிக்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். இந்த ஆண்டு அவற்றைச் சில வரிகளில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்குகளில் ஐந்து மாற்றப்பட்டன. தொட்டி இருமுறை கழுவப்பட்டது. யானை விரட்ட வனத்துறையிடம் மூன்று மனுக்கள் கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குப் பிறகு இரவு ரோந்து வருகிறது. மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். ஆண்டின் மிச்ச உழைப்பு முழுவதும், நம் கேபிள் தொலைக்காட்சி அனலாக் என்னும் பழைய முறையிலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாறிய வேலைக்கே போயிற்று.

"டிவி பார்ப்பதற்கு ஒரு சங்கம் இத்தனை நாள் மெனக்கெட வேண்டுமா?" என்று தை மாதக் கூட்டத்தில் ஓர் அப்பாரு கேட்டார். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

லிங்காபுரத்துக்கும் நமக்கும் நடுவே காந்தையாறு ஓடுகிறது. பவானிசாகர் அணையில் நீர்மட்டம் நூறு அடியை நெருங்கினால் பின்தண்ணீர் ஏறி நம் பாலம் மூழ்கும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 105 அடி என்பதால், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் வாரக்கணக்கில் நாம் தீவுதான். பள்ளிப் பிள்ளைகளும் வாழைத்தாரும் பேறுகாலப் பெண்களும் பரிசலில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். 1955இல் அணை கட்டி முடிந்த நாளிலிருந்து தண்ணீர்தான் நமக்கு நாட்காட்டி. பில்லூர் அணையில் மதகு திறந்தார்கள் என்ற செய்தி தொலைக்காட்சியின் அடியில் ஓடினால், பவானியில் எவ்வளவு வரும், நம் பாலம் என்றைக்குப் போகும் என்று நம் பெண்கள் மனக்கணக்குப் போட்டு, அதற்கேற்ப அரிசியும் மாத்திரையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல, அப்பாரு. அது நம் கரையோரக் காவல்காரன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். 2011இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக அனலாக் நிறுத்தப்பட்டது. முதல் கட்டத்தில் பெருநகரங்கள். இரண்டாம் கட்டத்தில் கோயம்புத்தூர் உட்பட 38 நகரங்கள். அவற்றுக்குக் கெடு 2013 மார்ச் 31. மூன்றாவது, மற்ற நகர்ப்புறங்கள். கடைசிக் கட்டம் நம்மைப் போன்ற கிராமங்கள். நமக்குக் குறித்த நாள் 2016 டிசம்பர் 31. பிறகு அது 2017 மார்ச் 31க்குத் தள்ளிப்போயிற்று. அரசு கேபிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் டிஜிட்டலுக்குத் தேவையான செட்டாப் பெட்டியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதை அக்கம்பக்கத்து ஊர்களில் பார்த்தோம். நம் ஊருக்கு வருவது அந்த இணைப்பு அன்று, வேறொருவருடையது. அவர் சட்டம் சொன்ன கெடுவுக்குப் பிறகும் பழைய முறையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நாமும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது சங்கத்தின் தவறு. செயலாளர் என்ற முறையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

2018 ஆகஸ்டு முதல் வாரத்தில், ஒரு நாள் காலையில் அனலாக் நின்றது. முதல் நாள் மாலை ஒரு பையன் வந்து வாய்வழியாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் அறிவிப்பு. கேபிள் இணைப்பு இருந்த 71 வீடுகளில் அன்று செட்டாப் பெட்டி வைத்திருந்தவை ஒன்பது மட்டுமே. மற்றப் பெட்டிகள் சிறுமுகையில் இருப்பதாகவும், முன்பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஆகஸ்டு 7 மாலை கலைஞர் காலமான செய்தி வந்தபோது அந்த ஒன்பது வீடுகளின் திண்ணைகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. மறுநாள் மெரினாவில் அடக்கம் முடியும்வரை ஒருவரும் தோட்டத்துக்குப் போகவில்லை. எந்தக் கட்சியானாலும் எல்லோரும் ஒரே பெட்டியைப் பார்த்து அழுத நாள் அது. அந்த வீட்டார்கள் அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. கேரளத்தைப் புரட்டிப் போட்ட அதே மழைதான் நம் மலைகளிலும் பெய்தது. அணை நூறு அடியைத் தாண்டியது. பாலம் மூழ்கியது. பெட்டிகள் அக்கரையில், நாம் இக்கரையில். எந்த மாதத்தில் நமக்குச் செய்தி மிகவும் தேவையோ, அந்த மாதத்தில் 62 வீடுகளில் திரை இருண்டு கிடந்தது. இளைஞர்களின் கைபேசி இருந்ததே என்பீர்கள். மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் நமக்குப் பாதி நாள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நம் இளைஞர் அணியினர் எட்டுப் பேர் மூன்று நடையாகப் பரிசலில் போய், பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடியில் வைத்து 40 பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுகூட நனையவில்லை.

இந்த இடத்தில், கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி செயற்குழுவில் படித்துக் காட்டிய செய்தியைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 17ஆம் தேதி அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதாக இருந்தது. பின்பு அது ஜூன் 12க்குத் தள்ளிப்போயிற்று. ஆனால் ஹவாய்த் தீவுகள் ஜனவரி 15ஆம் தேதியே மாறிவிட்டன. மாவுயி தீவில் ஹாலேயாகலா என்னும் எரிமலைச் சரிவில் இருந்த பழைய கோபுரங்களை இறக்க வேண்டியிருந்தது. அங்கே அருகிப்போன ஒரு கடற்பறவை நிலத்தில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். பறவை கூட்டுக்குத் திரும்பும் முன்பே வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்காக நாளை முன்னால் நகர்த்தினார்கள். ஒரு தீவில் பறவையின் பருவத்தைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். நம் தீவில் தண்ணீரின் பருவத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சித்திரையில் செய்திருந்தால் மாட்டுவண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாம். இந்த ஆண்டு முழுவதும் என் நெஞ்சில் அறுத்துக்கொண்டிருந்தது இதுதான்.

பெட்டி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பழைய டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்று ஒரு புரளி கிளம்பியது. அது தவறு என்று வீடு வீடாகச் சொன்னோம். பெட்டியே டிஜிட்டல் சமிக்ஞையைப் பிரித்துப் பழைய டிவிக்குப் புரியும்படி கொடுத்துவிடுகிறது. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் சொருகியதும் நன்றாகவே ஓடுகின்றன. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. ஒலிக்கு ஒரே துளை உள்ள டிவியில் வெள்ளையை மட்டும் சொருகினால் போதும். அந்தத் துளைகளே இல்லாத மூன்று பழைய கறுப்பு வெள்ளை டிவிகளுக்கு மட்டும், படத்தையும் ஒலியையும் ஆண்டெனாத் துளை வழியே கொடுக்கும் மாடுலேட்டர் வாங்கிக் கொடுத்தோம்.

கடைக்கோடித் தெருவில் 14 வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "முன்பு நன்றாகத்தானே தெரிந்தது" என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அனலாக்கில் சமிக்ஞை குறைந்தால் புள்ளி விழும், மங்கும், ஆனாலும் ஆள் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஓர் அளவுக்கு மேல் இருந்தால் பளிங்குபோல் தெரியும். அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் போய்ப் பார்த்ததில், துருப்பிடித்த இணைப்பான்கள், நசுங்கிய கேபிள், தேவையில்லாமல் நாலாகப் பிரித்த இடங்கள் அகப்பட்டன. ஓர் ஆம்பிளிஃபயரை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தார்கள், அதுவும் கெடுதல்தான். சரிசெய்த பிறகு 14இல் 12 வீடுகளுக்குப் படம் தெளிந்தது.

மிச்சம் இரண்டு வீடுகளும், காட்டோரத்தில் கேபிளே போகாத இரண்டு இருளர் வீடுகளும் சேர்ந்து நான்கு வீடுகளுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பொருத்த உதவினோம். 2004 முதல் இருக்கும் சேவை அது. மாதக் கட்டணம் இல்லை. தனியார் தமிழ் சேனல்களில் பெரும்பாலானவை அதில் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பொதிகைச் செய்தி போதும் என்றார்கள். வடக்கிலும் மேற்கிலும் மலை மறைக்குமே என்று பயந்தோம். செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குப் பக்கம், கிட்டத்தட்ட 67 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே. மலை குறுக்கே வரவில்லை. ஒரு வீட்டில் தென்னை ஓலைதான் மறைத்தது. அதை நறுக்கியதும் படம் வந்தது. அந்த வீட்டுப் பாட்டி தட்டுக்குத் திருநீறு வைத்தார். கன மழையில் சற்று நேரம் படம் போய்த் திரும்பும். அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

வந்த புகார்களில் பாதிக்கு மேல் பெட்டியைப் பற்றியவை அல்ல, ரிமோட்டைப் பற்றியவை. முன்பு ஒரே ரிமோட். இப்போது டிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. பெரியவர்கள் பழக்கத்தில் டிவி ரிமோட்டில் சேனலை மாற்றுவார்கள்; டிவி, செட்டாப் பெட்டியின் இணைப்பை விட்டு விலகித் திரை நீலமாகிவிடும். "கண்ணு, ஊதாத்திரை வந்துவிட்டது, பெட்டி செத்துப்போய்விட்டது" என்று ஓர் அம்மாயி என் வீட்டு வாசலுக்கு இரவு எட்டு மணிக்கு வந்து நின்றார். தனியாக இருப்பவர். மூன்று நாள் அந்த நீலத் திரையின் முன்னேயே உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மறுநாள் முதல் பத்தாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் தனியாக வசிக்கும் முதியோர் வீடுகளுக்குப் போனார்கள். டிவி ரிமோட்டில் ஒலியைத் தவிர மற்றப் பொத்தான்களைத் துணிநாடாவால் ஒட்டினார்கள். பெட்டி ரிமோட்டில் மூன்று பொத்தான்களுக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தார்கள். ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடவில்லை. வாரம் ஒருமுறை என ஒரு மாதம் போனார்கள். பிரிட்டனில் அனலாக்கை நிறுத்தியபோது 75 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பி, பெட்டியைப் பொருத்தி, இயக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பது பவுண்டு கட்டணம், வறியவர்களுக்கு இலவசம். அங்கே அரசுத் திட்டம் செய்ததை இங்கே நம் ஆறு பெண்கள் செய்தார்கள். அவர்களை மேடைக்கு அழைத்துக் கைத்தட்ட வேண்டும் என்று தலைவரை வேண்டுகிறேன்.

மூச்சுவிடும் முன்பே அடுத்தது வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண விதி. நூறு சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. மாதம் நூறு ரூபாய் கட்டிவந்த நமக்கு இது சுமைதான். ஆனால் வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது இந்த விதியில் நல்ல பகுதி. அதைப் பலரும் சொல்லவே இல்லை. கேபிள்காரர்கள் சேனல் தொகுப்பைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாவடியில் உட்கார்ந்து, இலவசச் சேனல்கள் எவை, விலை வைத்தவை எவை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வீட்டுக்கு வீடு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். தேர்வுக்கு மார்ச் 31 வரை அவகாசம் கிடைத்ததால் எல்லா வீடுகளும் முடித்துவிட்டன.

வரவு செலவு: ஆண்டுத் தொடக்க இருப்பு ரூ.6,240. 83 வீட்டுச் சந்தா ரூ.9,960. நன்கொடை ரூ.5,500. ஆக மொத்தம் ரூ.21,700. செலவில் கேபிள், இணைப்பான், மாடுலேட்டர் ரூ.4,850, டிஷ் பொருத்த உதவி ரூ.6,000; பரிசல் கூலி ரூ.1,200, தெருவிளக்கும் தொட்டியும் ரூ.3,150, மனு, நகல், அஞ்சல் ரூ.640. மொத்தச் செலவு ரூ.15,840. கையிருப்பு ரூ.5,860. பரிசல்காரர் பெட்டிகள் ஏற்றிய மூன்று நடைகளில் ஒரு நடைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். கேபிள், மின்சாரம், கைபேசி என எந்தச் சேவையில் பெரிய மாற்றம் செய்தாலும், ஆடி முதல் கார்த்திகை வரை, பாலம் மூழ்கக்கூடிய மாதங்களில், நம் ஊரில் செய்யக் கூடாது என்றும், இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் மாவட்ட ஆட்சியருக்கும் சேவை தருபவர்களுக்கும் மனு அனுப்புவது முதலாவது. மழைக்காலத்தில் சாவடியில் மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றையும், ஃப்ரீ டிஷ் இணைப்பு ஒன்றையும் ஊர்ப் பொதுவில் வைப்பது இரண்டாவது. இரண்டாவதற்கு மதிப்பீடு ரூ.4,500, கையிருப்பிலிருந்தே செய்யலாம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் இன்றே முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்