தோட்டா மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நவம்பர் 11ஆம் நாள் வரும் படைவீரர் நாளையொட்டி, சங்கம் ஒன்று தன் தீபாவளி விழாவில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு மேசை ஒதுக்கித் தர முன்வந்தது. அதற்குப் பொறுப்பேற்ற நாங்கள், சுட்ட தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பும் ரீலோடிங் குழுவொன்றில் இருப்பவர்கள் என்று தெரிந்ததும், குழந்தைகள் வரும் இடம் என்ற காரணத்தைச் சொல்லி அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. துப்பாக்கியோ தோட்டாவோ அந்த அரங்குக்குள் வருவதாக இருக்கவில்லை. வருமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த முடிவை இங்கே வழக்காட நான் வரவில்லை. இதே தயக்கம் பல ஊர்ச் சங்கங்களில் இருப்பதை அறிவதால், அந்தக் குழுக்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்கப் படையில் தமிழர்கள் இருக்கிறார்களா என்று வியப்போடு கேட்பவர்களை இன்றும் சங்க விழாக்களில் சந்திக்கிறேன். மாவ்னி (MAVNI) என்ற பெயரில் 2009இல் தொடங்கிய சேர்க்கைத் திட்டம், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெறாதவர்களையும், மருத்துவத் தகுதியோ தேவைப்படும் மொழியறிவோ இருந்தால் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதிய சேர்க்கை நிறுத்தப்படும் வரை எல்லா மொழியினருமாக 10,000க்கும் மேற்பட்டோர் அவ்வழியில் சேர்ந்தனர். நானும் அவர்களில் ஒருவன். இவர்களோடு, இங்கேயே பிறந்து பள்ளி முடித்த கையோடு படைக்குப் போன நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு வணங்கிய மரபு நம்முடையது. திரும்பி வந்தவனிடம் என்ன பேசுவது என்பதுதான் நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரீலோடிங் என்பது சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூய்மை செய்து, அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் புதிய பிரைமரும் அளந்த வெடிமருந்தும் குண்டும் சேர்த்து மீண்டும் ஒரு முழுத் தோட்டாவாக்கும் கைவேலை. தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் செய்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை; தொழிலாகச் செய்து விற்பவருக்கு உரிமம் கட்டாயம். இப்பொழுதுபோக்கு இன்றைய அளவுக்குப் பரவியதே ஒரு போரின் முடிவில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசிடம் மிஞ்சிக் கிடந்த வெடிமருந்தை மொத்தமாக வாங்கி, கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் ரீலோடிங் செய்வோருக்கு விற்றார். நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி 1949இல் குண்டு தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். பணத்தை மிச்சப்படுத்தத்தான் செய்கிறோம் என்று நாங்கள் எல்லாரும் சொல்வோம். தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் பிரஸ்ஸும் தராசும் வாங்கிய ரசீதுகளைப் பார்த்த எங்கள் வீட்டார் ஒருவரும் அதை நம்புவதில்லை.

இந்த வேலையின் இயல்புதான் இதில் கூடுவோரைப் பிணைக்கிறது. மருந்தை கிரெய்ன் கணக்கில் அளக்கிறோம். 7,000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. எங்கள் தராசு பத்தில் ஒரு கிரெய்ன் வரை, அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வரை காட்டும். ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழுந்துவிட்டால் சுடும்போது துப்பாக்கியே சிதறலாம்; விழாமலே போனால் குண்டு குழலுக்குள் சிக்கி, அது தெரியாமல் அடுத்ததைச் சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தாகலாம். ஆகவே மேசையில் கைபேசி கிடையாது, மது கிடையாது; ஈயம் புழங்கும் இடமாதலால் உணவும் கிடையாது. ஒருவர் மருந்திட்ட கூடுகளை மற்றொருவர் விளக்கொளியில் வரிசையாகப் பார்த்த பிறகே குண்டு ஏறும்.

இந்தக் கண்டிப்பிலிருந்து, நாங்கள் யாரும் திட்டமிடாத ஒரு வழக்கம் உருவானது. மேசைக்கு வருபவரிடம் நேற்றிரவு தூங்கினாயா என்று கேட்பது எங்களுக்குப் பாதுகாப்பு விதி. வேறு எந்த இடத்தில் கேட்டாலும் முன்னாள் வீரர் ஒருவர் நன்றாக இருக்கிறேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் அந்தக் கேள்விக்கு, மருந்துக் குப்பியின் முன்னால் அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. தூங்கவில்லை என்றால் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. இன்றைக்கு மருந்துப் பக்கம் வேண்டாம், கூடுகளைத் தரம் பிரித்துக் கொடு என்பார்கள். பித்தளைக் குவியலுக்குமுன் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே, வியட்நாமிலிருந்து திரும்பிய எழுபது வயதுக்காரரும் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய நாற்பது வயதுக்காரரும் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பேசாமலே எழுந்து போகும் நாட்களும் உண்டு. அதையும் யாரும் குறையாகக் கொள்வதில்லை. ஒருவர் வழக்கமான மாலையில் வராவிட்டால் மறுநாள் யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு பேர் இருந்தும் இது நடப்பதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

உங்கள் பக்கமிருந்து எழக்கூடிய வலுவான மறுப்பை நான் மறைக்கப் போவதில்லை. படைவீரர் நலத்துறையின் ஆண்டறிக்கைப்படி 2022இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தனர், அவற்றில் 73.5 விழுக்காடு துப்பாக்கியால் நிகழ்ந்தவை. அப்படியிருக்க, துப்பாக்கியோடு தொடர்புடைய ஒரு பொழுதுபோக்கையா மருந்தாகச் சொல்கிறாய் என்று கேட்கலாம். மருந்து என்று நான் சொல்லவில்லை. அது சிகிச்சைக்கு மாற்றும் அல்ல. ஆனால் அந்த வீடுகளில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு உன் துப்பாக்கிகள் என் பெட்டகத்தில் இருக்கட்டும் என்று, அவமானப்படுத்தாமல் ஒருவரிடம் சொல்லக்கூடியவர் யார்? துப்பாக்கியையே வெறுப்பவர் சொன்னால் கதவு சாத்தப்படும். தினமும் அருகில் நின்று மருந்தளந்த நண்பர் சொன்னால் சாவி கைக்கு வரும். மாநிலச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொண்டு, எங்கள் குழுவில் இப்படிக் கொடுத்து வைத்தவர்களும் பின்னர் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

எனவே உங்களிடம் நான் கேட்பது துப்பாக்கிக்கான ஆதரவு அல்ல. அதில் உங்களுக்குள்ள மாறுபட்ட கருத்து உங்களோடு இருக்கட்டும். உங்கள் ஊரில் படையிலிருந்து திரும்பிய தமிழர்கள் யார் என்பதை அறிந்து, அவர்களோடு தொடர்பில் இருக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவில் ஒருவருக்குக் கொடுங்கள். 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும் என்பதையும், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் தகுதியுள்ள வீரர் அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலும் கட்டணமின்றி அவசர சிகிச்சை பெறலாம் என்று 2023 ஜனவரி முதல் விதி இருப்பதையும், நலத்துறை துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாகத் தருகிறது என்பதையும் தமிழில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொண்டுசேருங்கள். ஆங்கிலத் துண்டறிக்கை மகனுக்குப் புரியும். அவன் அறைக்கு வெளியே விடியும் வரை விழித்திருக்கும் ஊரிலிருந்து வந்த தாய்க்கு அது எட்டாது.

மேடையில் பொன்னாடை போர்த்துவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். எங்களில் பலர் அதற்கு அஞ்சியே விழாவுக்கு வருவதில்லை. மாறாக, பொங்கல் விழாவுக்குப் பந்தல் கட்டவும் ஒலிபெருக்கி இணைக்கவும் அடுப்பு மூட்டவும் எங்களைக் கூப்பிடுங்கள். இன்ன நேரத்துக்கு இன்ன வேலைக்கு வா, நீ வராவிட்டால் அது நடக்காது என்று சொல்லுங்கள். எங்கள் ரீலோடிங் கொட்டகைக்கு உங்களில் யாரேனும் நேரில் வந்து பார்க்க விரும்பினால், மருந்துக் குப்பிகளை மூடி வைத்துவிட்டுத் தேநீரோடு வரவேற்போம். தேநீர் மட்டும் வாசலுக்கு வெளியே.

இப்படிக்கு,
முன்னாள் அமெரிக்கத் தரைப்படை வீரர் ஒருவர்,
மத்திய டெக்சாஸ்