கழுத்தைப் பிடித்தான் என்று சொன்ன தங்கச்சிக்கு

தங்கச்சி,

உனக்கு வரும் மெசேஜையெல்லாம் உன் காதலன் பார்க்கிறான் என்றாய். அதனால்தான் பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன். தோழியின் போனில் படி.

"கோபத்தில் கழுத்தைப் பிடித்தான், தடம்கூட இல்லை, உடனே அழுது மன்னிப்புக் கேட்டான்" என்று லேசாகச் சொல்லிவிட்டாய். எனக்குத் தூக்கம் போய்விட்டது. துணைவன் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் கூடுவதாக 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. தோலில் தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் காயப்பட்டிருக்கலாம். அறிகுறி நாள் கழித்தும் வரும். குரல் கம்முகிறதா, விழுங்க வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா? உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ. எதுவும் இல்லையென்றாலும் டாக்டரைப் பார். "சின்னச் சண்டை" என்று மழுப்பாதே. "கழுத்தை நெரித்தான்" என்றே சொல். மருத்துவக் குறிப்பில் அது ஏறினால், புகார் கொடுக்க நினைக்கும் நாளில் கைகொடுக்கும்.

செவிலியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-இல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகளின் இன்றைய வடிவில் கழுத்து நெரிப்பு மட்டுமில்லை. வெறித்தனமான சந்தேகம், உன் நாள் முழுவதையும் அவன் தீர்மானிப்பது, "செத்துப்போவேன்" என்ற மிரட்டல்கூட உண்டு. அந்த மிரட்டலைத்தான் நீ பாசம் என்றாய்.

விலகுவதென்றால் தனியாகச் சந்தித்துச் சொல்லாதே. பிரியும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. லொக்கேஷனையும் திடீரென அணைக்காதே, உஷாராகிவிடுவான். வாட்ஸப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார். தெரியாதது ஏதாவது இருந்தால் தோழியின் போனில் படம் எடுத்து வை. அவன் அனுப்பிய மிரட்டல்களையும் அப்படியே.

நீ இருக்கும் ஊரின் பெண்கள் உதவி எண்ணுக்கும் தோழியின் போனிலிருந்தே பேசு. அவனை விட்டுவிடுவதாக முடிவெடுத்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடு. எப்படிப் பத்திரமாக வெளியேறுவது என்று மட்டும் கேட்டாலும் போதும், திட்டமிட உதவுவார்கள். அவன் அடிக்க வந்தால் மட்டும் யோசிக்காதே, நேரே போலீஸ்.

எனக்கு "நோட்ஸ் அனுப்பு" என்று மெசேஜ் போட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்காமல் கிளம்பி வருவேன்.

அம்மாவிடம் சொல்வது உன் இஷ்டம். சொல்வதானால் நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

அக்கா