வால்வு வாங்கப் போகும் நண்பனுக்கு

திருச்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மட்டும் மூட்டு வலி, மழைக்காலம் வந்தால் கூடுகிறது. மற்றபடி நலம்தான்.

ஓய்வு பெற்ற கையோடு, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வுகளை வைத்து ஆம்ப்ளிபயர் கட்டப் போகிறாய், ரஷ்யப் பழைய சரக்கை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் நீ எழுதியிருக்கும் பட்டியல் எனக்குச் சரியாகப் படவில்லை. முல்லார்டு கம்பெனி போட்ட 5-10 ஆம்ப்ளிபயர் சர்க்யூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு வால்வுக்கும் நேரான ரஷ்ய மாற்றைத் தேடியிருக்கிறாய். நானாக இருந்தால் தலைகீழாகச் செய்வேன். அங்கே எது மலிந்து கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி சாக்கெட்டில் கம்பியை மாற்றிக்கொள்வேன்.

ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 இடத்தில் ரஷ்ய 6பி14பி போடுவதில் சிக்கல் இல்லை, அப்படியே சொருகலாம். முதல் ஸ்டேஜில் வரும் இஎஃப்86-க்கு 6ஜே32பி, அதுவும் சரி. நடுவே வரும் இசிசி83-க்கு நீ எழுதியிருக்கும் 6என்2பிதான் வம்பு. சத்தம் பெருக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஹீட்டர், அதாவது வால்வை உள்ளே சூடாக்கும் இழை, அதன் இணைப்பு வேறு. இசிசி83-க்கு 6.3 வோல்ட் கொடுக்க அடியில் உள்ள 4, 5 எண் பின்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம், 9-ஐ மறு பக்கம் கட்டுவோம். 6என்2பியில் ஹீட்டர் 4-க்கும் 5-க்கும் நடுவே இருக்கிறது. 9-வது பின் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு டிரையோடு பகுதிகளையும் பிரிக்கும் தகட்டுக்குப் போகிறது. பழைய சாக்கெட்டில் சொருகினால் எரியவே எரியாது. ஹீட்டரை 12.6 வோல்ட்டில் ஓட்டும் பெட்டியில் சொருகினாலோ, இரண்டு மடங்கு வோல்ட் ஏறி ஹீட்டரே போய்விடும். 4, 5-க்கு 6.3 கொடுத்து, 9-ஐ எர்த் பண்ணிவிட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிட சாலிடரிங். அதற்குப் பயந்துகொண்டு பழைய முல்லார்டு இசிசி83-க்குப் பல மடங்கு விலை கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இதே மாதிரி 6என்1பியை இசிசி88 என்ற இன்னொரு வால்வுக்கு மாற்று என்று விற்பார்கள். பின்கள் ஒத்துப் போகும். ஆனால் அதன் ஹீட்டர் 600 மில்லிஆம்ப் இழுக்கும், இசிசி88 இழுப்பது 365. டிரான்ஸ்பார்மர் சின்னதாக இருந்தால் சூடேறும். உண்மையான மாற்று 6என்23பி. அதிலும் 70-களில் சரடோவ் ரிஃப்ளெக்டர் ஆலையில் வந்தவற்றுக்குப் பேர் வந்து விலை ஏறிவிட்டது. கலூகாவில் வோஸ்கோத் ஆலையில் செய்தது, ராக்கெட் முத்திரை போட்டது, கிடைத்தால் எடு. என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அதில் நிறைய ராணுவத்துக்குச் செய்து அடுக்கி வைத்தது. 1976 செப்டம்பரில் பெலென்கோ என்ற சோவியத் விமானி மிக்-25-ஐ ஜப்பானின் ஹக்கோடாதேயில் கொண்டுபோய் இறக்கினானே, அந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்த அமெரிக்கர்கள் உள்ளே நிறைய வால்வுகளைக் கண்டார்கள். டிரான்சிஸ்டர் காலத்தில் இதுவா என்று அப்போது சிரித்தார்கள். அந்த மாதிரி ராணுவ உபகரணங்களுக்கு மாற்றாக இருப்பில் வைத்ததும் இன்று நாம் வாங்குவதில் இருக்கிறது. அதனால் வால்வுப் பெயரின் கடைசியில், கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து வாங்கு. ‘வி’ என்றால் அதிர்ச்சி தாங்கும், ‘இ’ என்றால் ஆயுள் அதிகம். 6பி14பி-இவி இரண்டும் சேர்ந்தது. இதையேதான் இஎல்84எம் என்று அச்சிட்டு சோவ்டெக் என்ற பிராண்டு பெயரில் விற்றார்கள். ரஷ்ய எழுத்தோடு வாங்கினால் விலை இறங்கும். கண்ணாடியில் இருப்பது ரஷ்ய எழுத்து என்பதை மறக்காதே. ஆங்கில எச் மாதிரி இருப்பது என், சி மாதிரி இருப்பது எஸ், வாசல் நிலை மாதிரி இருப்பது பி. விற்பவர்களே இதைக் குழப்பி ஒரே வால்வை இரண்டு பெயரில் போடுவார்கள்.

அப்புறம் சோதிக்கிற கதை. பெட்டி புதிதாக இருக்கிறது, உள்ளே சீட்டு இருக்கிறது என்பதையெல்லாம் நம்பாதே. உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும், பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடு. மல்டிமீட்டரில் ஹீட்டர் இழை அறுந்திருக்கிறதா என்று பார். அதற்குப் பிறகு ஹெச்டி (ஆனோடுக்குப் போகும் உயர் வோல்ட்) கொடுக்காமல் ஹீட்டரை மட்டும் ஒரு நாள் எரிய விடுவேன். கட்டாயமில்லை, என் பழக்கம்.

சோவியத் எல்3-3 வால்வு டெஸ்டர் இங்கே கிடைப்பது கஷ்டம். நான் ஒரு பலகையில் சாக்கெட், 250 வோல்ட் சப்ளை, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்ட் (பயஸ்) கொடுக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், இவ்வளவுதான் வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் கிளம்பும் கேத்தோடில், ஓட்டத்தை அளக்க 10 ஓம் ரெசிஸ்டர். 6பி14பிக்கு ஆனோடு, ஸ்கிரீன் இரண்டுக்கும் 250 கொடுத்து, கிரிட்டில் மைனஸ் 7.3 வைத்தால், ஆனோடில் 48, ஸ்கிரீனில் ஐந்தரை மில்லிஆம்ப் ஓட வேண்டும். அந்த 10 ஓமில் 530 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, ஜோடி ஒத்துப் போகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல்லில் ஒன்று 50, மற்றது 40 மில்லிஆம்ப் என்று ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் கோர் வீணாக ஒரு பக்கம் காந்தமாகும். இரண்டு வால்வு வேண்டுமென்றால் ஆறோ எட்டோ வாங்கி நீயே ஜோடி சேர். ‘மேட்ச்டு’ என்று சொல்லி விற்பவன் எந்த வோல்ட்டில் அளந்தான் என்று சொல்ல மாட்டான்.

பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. கிரிட்டுக்கு முன்னால் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வை. வால்வு சூடாகி ஓட்டம் நிலைத்ததும் அந்த ரெசிஸ்டரை ஷார்ட் பண்ணு. மீட்டர் அசையாமல் இருந்தால் நல்ல வால்வு. சட்டென்று இறங்கினால் உள்ளே வாயு இருக்கிறது, அல்லது கிரிட் கசிகிறது. கேத்தோடிலிருந்து எலக்ட்ரான் வருவதை (எமிஷன்) மட்டும் காட்டும் டெஸ்டரில் இந்த வால்வு ‘குட்’ என்று வந்துவிடும், ஆம்ப்ளிபயரில் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஆனோடு சூடேறிச் சிவக்கும். 6ஜே32பியைப் பென்சிலால் தட்டிப் பார். முதல் ஸ்டேஜ் அது, மணி அடித்த மாதிரி ஸ்பீக்கரில் கேட்டால் ஒதுக்கி வை. ஹெச்டியில் கை வைக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும், வயசாகிவிட்டது நமக்கு.

உன் வைண்டிங் கடைக்காரரிடம் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியை 240 வோல்ட்டுக்குச் சுற்றச் சொல். 220-க்குச் சுற்றிவிட்டால் நம் ஊர் கரண்டில் ஹீட்டருக்கு 6.9 வரை போகும், வால்வின் ஆயுள் குறையும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எத்தனை ஓமுக்குச் சுற்றப் போகிறார் என்று கேட்டு எழுது. 6பி14பி-இவி என்னிடம் கூடுதலாகச் சில இருக்கின்றன, ஜோடி பார்த்து வைக்கிறேன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்தால் எடுத்துப் போகலாம். கூரியரில் அனுப்ப எனக்கு மனசு வராது.

உன்,
முரளி