மனை பார்க்கப் போன கதை

தண்டையார்பேட்டை
மே 18

அன்புள்ள ரவி,

நீ போன் போட்டுத் திட்டுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். நீ வாங்க நினைக்கும் அனுப்பம்பட்டு மனையைப் பார்த்து எட்டு நாள் ஆகிறது. நீ மூன்று முறை கேட்டதற்கும் வாட்ஸ்அப்பில் கட்டை விரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தேன், தப்புதான். அந்த விரலுக்கு ‘பார்த்தேன்’ என்று மட்டும்தான் அர்த்தம். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துத் தொலைத்துவிடாதே.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவன் பன்னிரண்டாவது தேறிவிட்டான், மார்க்கைக் கேட்காதே.

விடியற்காலை கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். அத்திப்பட்டுவரை புகைபோக்கிகள்தான். மீஞ்சூர் தாண்டியதும் ஜன்னலில் பச்சை. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் புரோக்கர் பைக்கோடு நின்றிருந்தான். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவனை முன்னே அனுப்பிவிட்டு, கிழக்கே வரப்பு பிடித்தேன். டேய், எத்தனை வருஷமாயிற்று நாம் வரப்பில் நடந்து!

ஒரு பக்கம் நவரைப் பட்டத்து நெல் அறுத்த தாள், மறுபக்கம் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நட்டுப் பத்து நாள் இருக்கும். நாற்றுக்கு நடுவே இருபது நத்தைகுத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரிகிறது, பேசி முடித்த பிறகும் மூடாத உன் மாமாவின் வாய் மாதிரி. வரப்போரம் நெருஞ்சி மஞ்சளாய்ப் பூத்திருந்தது. குனிந்து ரசித்ததற்குக் கூலியாக என் செருப்பில் ஏழு முள். எருக்க மொட்டை நசுக்கி ‘டப்’ என்று வெடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான். மின்கம்பியில் ஒன்றுமில்லாதது போல் பழுப்பாக உட்கார்ந்திருந்த பனங்காடை பறந்ததும் சிறகெல்லாம் நீலம், உன் கல்யாண ரிசப்ஷன் சட்டையின் அதே நீலம். அதற்கு மட்டும் அது பொருந்துகிறது.

கிழக்கே போகப் போகப் பச்சை குறைந்தது. தரிசு, வேலிகாத்தான் முள்மரங்கள், அதற்கப்புறம் வரிசையாக மனைக்கல். ஒரு மோட்டார் கொட்டகையில் கைநீட்டித் தண்ணீர் குடித்தேன். கரித்தது, ரவி. வாய் கொப்பளித்தாலும் போகவில்லை. அங்கிருந்த பெரியவர், “கடல் அடியால உள்ள வந்துடுச்சுப்பா. நெல்லு வரல, வித்துட்டாங்க” என்றார், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போல. அறுபதுகளிலிருந்து அந்தப் பக்கத்துக் கிணறுகளில் சென்னைக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சி எடுத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்தில் கடல்நீர் ஏறிவிட்டது. அதே பக்கம் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கவென்று 2010இல் ஓர் ஆலையைத் திறந்தார்கள். நாம் குளித்துத் துவைத்துச் செலவழித்தது அந்த நெல்லின் தண்ணீர் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. திரும்பும்போது வண்டியில் யாரோடும் பேசவில்லை.

சரி, உன் மனை. எண் 37. இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வந்தன, நம் வகுப்பு லீடர் பாபு வாத்தியாரிடம் கத்துவது போலவே. புரோக்கர் கல்லைக் காட்ட ஓர் அடி எடுத்து வைத்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கல்லின் அடியில், உள்ளங்கை அகலப் பள்ளத்தில் நாலு முட்டை. மண் நிறம், மேலே மை தெளித்த கறை. கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்திருந்தன. சுற்றிலும் பொடிக்கல். கண்ணெதிரே இருந்தும் ஒரு கணம் தவறினால் காணோம்.

“சார், முட்டைக்கு எக்ஸ்ட்ரா கிடையாது” என்றான் அவன்.

தள்ளிப் போய் வேலிகாத்தான் நிழலில் நின்றோம். ஒரு பறவை மோட்டார் வாய்க்கால் குட்டைக்குப் போய் வயிற்றை முக்கிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. கத்திரி வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதே. உப்போ இல்லையோ, அதற்கு ஈரம் போதும். அரை மணி பார்த்தேன். புரோக்கர் இரண்டு பீடி குடித்துவிட்டான்.

போர் போட்டாலும் அதே உப்புத் தண்ணீர்தான் வரும், லாரித் தண்ணீருக்கு மாதாமாதம் அழவேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம். உனக்கு அந்த ஊர்ப் பைத்தியம் உண்டு, அதனால் வாங்கினாலும் வாங்குவாய். வாங்கினால் ஜூன் பாதிவரை வேலி போட ஆள் அனுப்பாதே, பொரிக்க நாலு வாரம் ஆகும். வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். புரோக்கரிடம் நீ இன்னும் யோசிக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் காட்டாமல் இருக்க.

உன்
சேகர்